வெடிச் சத்தத்தோட குடியிருக்கிறது

சைனால இருக்கேன்னு சொன்னா ஊர்ல எல்லாரும் கேக்குற கேள்வில ஒண்ணு, "நியூ இயருக்கு வெடி தூள் பறக்குமே?" பறக்கும் தான். ஆனா அந்த ஒரு வாரத்தை வச்சு இங்க இருக்கிற வெடிச் சத்தத்தைப் புரிஞ்சுக்க முடியாது. மிச்ச வருஷம் முழுக்க, காரணமே தெரியாம ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை காலைல, ஒரு மத்தியானத்துல, ஒரு நடுராத்திரில கேக்குதே ஒரு சரவெடி, அதைப் பத்தி தான் ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன்.

நான் இருக்கிறது ஹூனான் மாகாணத்துல லிலிங்னு ஒரு ஊர். ஷாங்காய் பெய்ஜிங் மாதிரி நினைச்சுக்காதீங்க, நடுவுல லூ ஆறு ஓடுற நடுத்தரமான ஊர், நம்மாளுங்களுக்குப் பேரே தெரிஞ்சிருக்காது. ஆனா சப் ஸ்டேஷன்லயும் கரண்ட் கம்பத்துலயும் தொங்குற பீங்கான் இன்சுலேட்டர் செய்யுறதுல இது பெரிய ஊர், என் வேலையும் அது தான், கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடி சரக்கை செக் பண்ணி கையெழுத்துப் போடுறது. பீங்கானுக்கு அடுத்து இந்த ஊர் பேர் வாங்கினது பட்டாசுல. பக்கத்துல லியூயாங், அந்தப்பக்கம் எல்லை தாண்டினா ஜியாங்ஷி மாகாணத்துல ஷாங்லி, வான்ஸாய், இந்த நாலும் சேர்ந்தது தான் சைனாவோட பட்டாசுப் பூமி. நமக்கு சிவகாசி எப்படியோ இவங்களுக்கு இது அப்படி. அதனால இங்க வெடிங்கிறது கடைல வாங்குற சாமான் மட்டும் இல்ல, பாதி குடும்பத்துல யாராவது ஒருத்தர் அந்த வேலை பாத்திருப்பாங்க, தாத்தாவோ அத்தையோ, யாராவது.

வந்த புதுசுல எனக்கு எல்லாமே ஒரே சத்தம் தான். படபடபடன்னு ஒரு நிமிஷம், சில நேரம் மூணு நாலு நிமிஷம், நின்னதும் காதுக்குள்ள ஒரு ரீங்காரம், கீழ நிக்கிற ஸ்கூட்டர் எல்லாம் அலாரம் அடிக்கும், அப்புறம் ஜன்னல் இடுக்கு வழியா மருந்து நெடி வரும். ஏன் வெடிச்சாங்க, யார் வெடிச்சாங்கன்னு ஒண்ணும் புரியாது. கூட வேலை பாக்குறவங்க யாருமே தலையைத் தூக்கிக்கூடப் பாக்க மாட்டாங்க. ஆனா அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும், அது தான் ஆச்சரியம். "மூணாவது பில்டிங்ல யாரோ குடி வர்றாங்க" ம்பாங்க. எப்படித் தெரியும்னு கேட்டா, நேரத்தை வச்சு ம்பாங்க.

உண்மை தான், நேரம் தான் பாதி விஷயத்தைச் சொல்லிடுது. விடியறதுக்கு முன்னாடி அஞ்சு மணிக்கோ அஞ்சரைக்கோ கேட்டா பெரும்பாலும் கிரகப்பிரவேசம். நல்ல நேரம் பாத்துக் குடி போறது இங்கயும் உண்டு, ஊர் முழிக்கிறதுக்கு முன்னாடி அடுப்பைப் புது வீட்டுக்குள்ள கொண்டு போயிடணும்னு சில குடும்பத்துல கணக்கு. காலைல எட்டு எட்டரைக்குக் கடைத்தெருப் பக்கம் கேட்டா புதுசா ஒரு கடை திறக்கிறாங்க, எட்டு ராசியான நம்பர்ங்கிறதால மணியையும் நிமிஷத்தையும் எட்டு வர்ற மாதிரி பாத்து வைப்பாங்க, வாசல்ல ஆளுயரப் பூக்கூடை வரிசையா நிக்கும். பதினோரு மணில இருந்து ஒரு மணிக்குள்ள ஹோட்டல் பக்கம் கேட்டா கல்யாணம், இல்லேன்னா அறுபது எழுபது வயசு நிறைஞ்ச பெரியவருக்குப் பிறந்தநாள் விருந்து. ஜூன் மாசம் காலேஜ் நுழைவுத் தேர்வு, அப்போ ஊரே மூச்சை அடக்கிட்டு இருக்கும், ஹாரன் கூட அடிக்கக் கூடாதும்பாங்க. ரிசல்ட் வந்து சீட் கிடைச்ச வீட்டுல ஜூலை ஆகஸ்ட்ல விருந்து வைப்பாங்க, கிராமத்துப் பக்கம் அதுக்கும் வெடி. ஏப்ரல் முதல் வாரம் சிங்மிங், கல்லறையைச் சுத்தம் பண்ணிப் படைக்கிற நாள், அன்னைக்கு ஊருக்குள்ள சத்தம் கம்மி, சுத்தி இருக்கிற மலை எல்லாம் மாத்தி மாத்தி வெடிக்கும்.

இந்த நேரம் எதுலயும் சேராத ஒரு வெடி இருக்கு. ராத்திரி ரெண்டு மணி, மூணு மணி. ஒரே ஒரு சரம், ரொம்ப நீளமும் இல்ல. அதுக்கு முன்னாடியும் எதுவும் இருக்காது பின்னாடியும் எதுவும் இருக்காது. அது சாவு. ஹூனான்லயும் சுத்துவட்டார மாகாணங்கள்லயும் மூச்சு அடங்கின உடனே, உடம்பைக் கழுவுறதுக்கு முன்னாடி, அழுறதுக்கு முன்னாடின்னு கூட சொல்லலாம், வாசல்ல ஒரு சரம் கொளுத்துவாங்க. உசுரு கிளம்பிடுச்சுன்னு மேல இருக்கிறவங்களுக்கும் சேதி, தெருவுல இருக்கிறவங்களுக்கும் சேதி. நம்ம ஊர்லயும் சாவுக்கு வெடி உண்டு, ஆனா அது ஊர்வலத்துக்கு, பறையோட சேர்ந்து வர்றது. இது அப்படி இல்ல, தனியா வரும்.

எங்க பில்டிங்ல ரெண்டாவது மாடில ஒரு பெரியவர் இருந்தார், பழைய பீங்கான் ஃபேக்டரில சூளை பாத்தவர், கையெல்லாம் தழும்பு. என்னைப் பாத்தா எந்த மாடல் இன்சுலேட்டர் இப்ப போகுதுன்னு கேப்பார், நான் போன்ல போட்டோ காட்டினா கிளேஸ் எப்படி இருக்குன்னு பெருசாக்கிப் பாப்பார். ஒரு ஜனவரி ராத்திரி நல்ல குளிர், இங்க வீட்டுக்குள்ள ஹீட்டர் கிடையாது, ஈரக் குளிர் எலும்புக்குள்ள போகும். கீழ சரம் வெடிச்சது. எந்திரிச்சு உக்காந்தேன். மாடிப்படில லைட் ஒவ்வொண்ணா எரியுது, இங்க படிக்கட்டு லைட் எல்லாம் சத்தத்துக்கு எரியறது, வெடி வெடிச்சதுல அஞ்சு மாடிக்கும் ஒரே நேரத்துல எரிஞ்சு, கொஞ்ச நேரத்துல அணைஞ்சது. அப்புறம் ஒவ்வொரு கதவா திறக்குற சத்தம். ஒருத்தர் ஃபிளாஸ்க்ல வெந்நீர் எடுத்துட்டு இறங்கினாங்க, ஒருத்தர் மடக்கு நாற்காலி ரெண்டைத் தூக்கிட்டு. யாரும் யாருக்கும் போன் பண்ணல, யாரும் யாரையும் கூப்பிடல. நானும் ஜாக்கெட்டை மாட்டிட்டுப் போனேன். வாசல்ல சிவப்புக் காகிதத்தூள் இன்னும் புகைஞ்சிட்டு இருந்தது, அவரோட மூத்த பையன் கைல ஊதுபத்தியோட நின்னாரு, என்னைப் பாத்து தலையைக் குனிஞ்சார், நானும் குனிஞ்சேன்.

அதுக்கப்புறம் மூணு நாளும் வெடி தான். துக்கம் விசாரிக்க ஆள் வந்தா, தெருமுனைல வந்ததும் அவங்க கொண்டு வந்த சரத்தைக் கொளுத்துவாங்க, அந்தச் சத்தம் கேட்டு வீட்டு ஆளுங்க வெளிய வந்து எதிர்கொண்டு கூட்டிட்டுப் போவாங்க. அது தான் முறை. சொல்லாம உள்ள நுழைஞ்சு நிக்கிறது மரியாதை இல்ல. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் எத்தனை உறவோ அத்தனை சரம், தூரத்துக் கிராமத்துல இருந்து ஒரு வேன்ல வந்தவங்க மட்டும் பெரிய பெரிய பெட்டி வாணம் எல்லாம் இறக்கினாங்க. வயசு நிறைஞ்சு போனவர்ங்கிறதால அதை வெள்ளைச் சுப காரியம்னு தான் சொல்றாங்க, கல்யாணம் சிவப்புச் சுப காரியம். எனக்கு அந்த மூணு நாளும் ஆபீஸ் வேலை வீட்டுல இருந்து, மீட்டிங்ல பேசவே முடியல, ஒவ்வொரு தடவையும் மியூட் போட்டுட்டு உக்காந்திருந்தேன். ஆனா ஒரு தடவை கூட எரிச்சல் வரல. ஒரு மனுஷனுக்கு எத்தனை பேர் இருந்தாங்கங்கிறதைக் காதால கேக்க முடிஞ்சது.

அன்னைல இருந்து தான் இந்தச் சத்தத்தை நான் வேற விதமா கேக்க ஆரம்பிச்சேன்னு நினைக்கிறேன். இங்க வெடி பெரும்பாலும் சந்தோஷத்துக்காக இல்ல, அறிவிப்புக்காக. எங்க வீட்டுல இன்னைக்கு ஒண்ணு நடந்திருக்கு, தெருவே தெரிஞ்சுக்கோ, பெரியவங்களே தெரிஞ்சுக்கோங்க, சாமியே நீயும் தெரிஞ்சுக்கோ. அவ்வளவு தான். கொளுத்துறவர் முகத்தைப் பாத்தாலே தெரியும், தீபாவளிக்கு நம்ம பசங்க முகத்துல இருக்கிற குதூகலம் இருக்காது. வாயில இருக்கிற சிகரெட்டை எடுத்து திரில வைப்பார், நாலு எட்டு பின்னாடி வந்து கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிப்பார், முடியுற வரைக்கும் பாத்துட்டு நிப்பார், பாதில நின்னுடுச்சான்னு கவனமா பாப்பார், ஏன்னா நடுவுல அறுந்து நின்னா அது நல்ல சகுனம் இல்ல. முடிஞ்சதும் உள்ள போயிடுவார். அவ்வளவு பெரிய சத்தத்தைப் போட்டுட்டு ஒரு கையெழுத்துப் போட்ட ஆள் கணக்கா போயிடுவார்.

பழக்கம் எவ்வளவு பழசுன்னு பாத்தா மலைப்பா இருக்கு. இந்த ஹூனான், ஹூபெய் பகுதியோட வருஷச் சடங்குகளைப் பத்தி 6ம் நூற்றாண்டுல எழுதின ஒரு குறிப்புல, வருஷத்தோட முதல் நாள் கோழி கூவுறப்ப எந்திரிச்சு முற்றத்துல மூங்கிலை நெருப்புல போட்டு வெடிக்க வைக்கணும், மலைல இருக்கிற கெட்டது ஓடிடும்னு இருக்கு. பச்சை மூங்கிலை நெருப்புல போட்டா கணுவுக்கு நடுவுல அடைபட்ட காத்தும் ஈரமும் சூடாகி டப்புன்னு வெடிக்கும், வெடிமருந்தே வேண்டாம். மருந்து வந்தது அப்புறம். டாங் ராஜ வம்சக் காலத்துல (7ல இருந்து 10ம் நூற்றாண்டு) லி தியான்னு ஒருத்தர் மூங்கிலுக்குள்ள வெடியுப்பை அடைச்சு வெடிக்க வச்சார்னு கதை, இந்த வட்டாரத்துல பட்டாசுத் தொழிலாளிங்க எல்லாருக்கும் அவர் தான் குலதெய்வம், லியூயாங்ல அவருக்குக் கோயில் கட்டிக் கும்பிடுறாங்க. மூங்கில் போய்க் காகிதக் குழாய் வந்து, குழாயை எல்லாம் ஒரே திரில கோத்து சரமாக்கினது அப்புறம் வந்த சோங் வம்சத்துக் காலம். ஆயிரம் வருஷம் ஆச்சு. லியூயாங் பட்டாசுக் கைவேலையை 2006ல தேசிய பாரம்பரியப் பட்டியல்லயும் சேத்துட்டாங்க.

சரி, அந்த ஒரு வாரத்துக்கு வரேன். சந்திர வருஷப் பிறப்பு. சத்தம் பன்னிரண்டாம் மாசக் கடைசில, அடுப்புச் சாமியை மேல அனுப்புற அன்னைக்கே ஆரம்பிச்சிடும், தெக்குப் பக்கம் அது 24ம் தேதி. வருஷக் கடைசி ராத்திரி குடும்பமா உக்காந்து சாப்பிடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வீடும் ஒரு சரம். ஹூனான்ல சில ஊர்ல இந்த விருந்தையே விடியக்காலைல சாப்பிடுவாங்க, அப்போ நாலு மணிக்கே சத்தம் தொடங்கிடும். சாப்பிட்டு, டிவி பாத்து, பன்னிரண்டு மணி அடிக்கிறப்ப வர்றது தான் உச்சம். அதை எழுத்துல சொல்றது கஷ்டம். தனித்தனி வெடியா கேக்காது. ஒரே இரைச்சல், தரைல இருந்து கால் வழியா ஏறும், ஜன்னல் கண்ணாடி அதிர்றதைக் கை வச்சா உணரலாம், எதிர் பில்டிங் புகைல காணாமப் போயிடும். ஒரு மணி நேரம் தாண்டியும் அடங்காது. அதுக்கு அப்புறம் படுக்கப் போறப்ப கதவை மூடுற வெடி, காலைல எந்திரிச்சதும் கதவைத் திறக்குற வெடி. முதல் நாள் வாசலைப் பெருக்க மாட்டாங்க, காகிதத்தூள் அப்படியே கிடக்கணும், பெருக்கினா வீட்டுச் செல்வத்தைப் பெருக்கித் தள்ளினதா ஆயிடும். தெருவே கணுக்கால் வரைக்கும் சிவப்பா கிடக்கும், மழை பெஞ்சா சாயம் வழிஞ்சு ஓடும். ரெண்டாம் நாள் பொண்ணுங்க மாப்பிள்ளையோட பொறந்த வீட்டுக்கு வருவாங்க, வந்ததுக்கு ஒண்ணு. நாலாம் நாள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, அதாவது அஞ்சாம் நாள் பிறக்கிறப்ப, செல்வச் சாமியை வரவேற்கிறது, வியாபாரிங்க எல்லாம் முதல்ல நம்ம வாசலுக்கு வரணும்னு போட்டி போட்டு வெடிப்பாங்க, ஷாங்காய்ல தடைக்கு முன்னாடி வருஷப் பிறப்பை விட இந்த ராத்திரிக்குத் தான் சத்தம் அதிகம்னு அங்க இருந்தவங்க சொல்லுவாங்க. அப்புறம் ஆறாம் நாளோ எட்டாம் நாளோ ஃபேக்டரி திறக்குறது, எங்க கம்பெனி கேட்டுல முதலாளியே நின்னு சரத்தைக் கொளுத்தி ஆளுக்கு ஒரு சிவப்புக் கவர்ல பணம் வச்சுக் குடுப்பார். பதினஞ்சாம் நாள் விளக்குத் திருவிழாவோட முடியும்.

என் மனைவி கைக்குழந்தையோட வந்தது இந்தச் சீசனுக்கு ஒரு மாசம் முன்னாடி. எனக்கு உள்ளுக்குள்ள பயம். பையனுக்கு அப்போ அஞ்சு மாசம், குக்கர் விசிலுக்கே கை காலைத் தூக்கிப் பதறுவான். வந்த ரெண்டாவது நாளே கீழ யாரோ குடி வந்தாங்க, விடியக்காலைல வெடி, அவன் அலறின அலறல்ல மூச்சு நின்னு முகம் நீலமாகித் திரும்ப வந்தது, மனைவி அழுதுட்டா. திரும்பப் போயிடலாம்னு சொன்னா. நான் ஒண்ணும் சொல்லல, என்ன சொல்றது.

அன்னைக்குச் சாயங்காலம் எதிர் வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினாங்க. எண்பது வயசு இருக்கும், ஹூனான் பேச்சு, எனக்கே பாதி தான் புரியும். குழந்தை அழுத சத்தம் கேட்டிருக்கு. உள்ள வந்து எங்க படுக்க வைக்கிறீங்கன்னு பாத்தாங்க. ரோட்டுப் பக்கம் இருக்கிற ரூம்ல தொட்டில். பாட்டி தலையை ஆட்டிட்டு, பின்னாடி கிச்சன் பக்கத்து ரூமுக்கு மாத்தச் சொன்னாங்க, அலமாரியை ஜன்னலுக்கு நேரா நகர்த்தச் சொன்னாங்க, பஞ்சு மெத்தை ஒண்ணை அவங்க வீட்டுல இருந்தே எடுத்து வந்து ஜன்னல்ல தொங்க விட்டாங்க. அப்புறம் சொன்னது தான் முக்கியம். வெடிக்கப் போறது தெரிஞ்சா முன்கூட்டியே அவனைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கோ, ஒரு காது உன் நெஞ்சுல இருக்கட்டும், இன்னொரு காதை உள்ளங்கையால மூடு, நீ பதறாதே, நீ பதறினா அவன் பதறுவான். எப்போ வெடிப்பாங்கன்னு எப்படித் தெரியும்னு மனைவி கேக்க நான் மொழிபெயர்த்தேன். நான் வந்து சொல்றேன்னாங்க.

சொன்ன மாதிரியே வந்தாங்க. அந்தச் சீசன் முழுக்க. யார் வீட்டுல விருந்து, எந்தப் பக்கத்துல இருந்து மாப்பிள்ளை கார் வருது, எல்லாம் அவங்களுக்குத் தெரியும், கதவைத் தட்டி கை விரலைக் காட்டுவாங்க, பத்து நிமிஷம், அஞ்சு நிமிஷம். மனைவிக்குச் சைனீஸ் ஒரு வார்த்தை தெரியாது, பாட்டிக்குத் தமிழ் தெரியாது, ரெண்டு பேரும் விரலாலயே பேசிக்கிட்டாங்க. அது மட்டும் இல்லாம பாட்டி கீழ போய் வெடிக்கிறவங்க கிட்டயும் சொல்லியிருக்காங்க, மேல வெளியூர்க் குழந்தை இருக்கு, கேட்டுக்கு வெளிய கொண்டு போய் வெடிங்கன்னு. பெரும்பாலும் கேட்டாங்க. ஒருத்தர் மட்டும் கேக்கல, அவர் பொண்ணு கல்யாணம், வாசல்ல தான் வெடிக்கணும்னுட்டார், ஆனா முடிஞ்சதும் மேல வந்து கல்யாண மிட்டாய் ரெண்டு பாக்கெட் குடுத்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போனார். வருஷப் பிறப்பு ராத்திரி பன்னிரண்டுக்கு பையன் என் மனைவி நெஞ்சுல ஒட்டிக்கிட்டு முழிச்சு முழிச்சுப் பாத்தான், அழல.

இதை எல்லாம் சொல்றதால நான் வெடிக்கு வக்காலத்து வாங்குறேன்னு நினைக்க வேண்டாம். இந்த ஊர்ல இருந்துட்டு அப்படி ஒரு பக்கமா பேச முடியாது. லியூயாங் ரோட்டுல பஸ்ல போனா மலைச்சரிவுல சின்னச் சின்னதா வெள்ளை ஷெட் தெரியும், ஒண்ணுக்கு ஒண்ணு தள்ளித் தள்ளி, நடுவுல மண் மேடு. மருந்து ரூம் எல்லாம் அப்படித் தான் கட்டணும், ஒரு ஷெட்டுல ஒருத்தர் ரெண்டு பேருக்கு மேல இருக்கக் கூடாது, ஒண்ணு போனா அடுத்தது போகக் கூடாதுங்கிறதுக்காக. உள்ள போறதுக்கு முன்னாடி உடம்புல இருக்கிற ஸ்டாட்டிக் கரண்டை இறக்கணும், பருத்தித் துணி தான் போடணும், கோடைல உச்ச வெயில் மாசத்துல தொழிலையே நிறுத்திடுவாங்க. இவ்வளவு விதியும் எதுனால வந்ததுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். முன்னாடி திரி சொருகுறது, சரம் கோக்குறது எல்லாம் வீட்டுல உக்காந்து பொம்பளைங்களும் பிள்ளைங்களும் பண்ணின வேலை. 2001 மார்ச்ல வான்ஸாய் பக்கத்துல ஃபாங்லின்ங்கிற கிராமத்துப் பள்ளிக்கூடம் வெடிச்சு 40க்கும் மேல செத்தாங்க, பெரும்பாலும் மூணாவது நாலாவது படிச்ச பிள்ளைங்க. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களை வச்சுப் பட்டாசு வேலை வாங்கினாங்கன்னு பெத்தவங்க சொன்னாங்க. முதல்ல யாரோ ஒரு மனநிலை சரியில்லாத ஆள் வெடிமருந்தைக் கொண்டு வந்தான்னு அரசாங்கத் தரப்புல சொல்லி, அப்புறம் பிரதமர் ஜூ ரோங்ஜியே அந்தப் பள்ளிக்கூடத்துல முன்னாடி பட்டாசு வேலை நடந்ததை ஒத்துக்கிட்டு வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. 2019 டிசம்பர்ல லியூயாங்ல ஒரு ஃபேக்டரி வெடிச்சப்ப செத்தவங்க கணக்கை மறைச்சு, கடைசில 13 பேர்னு வெளிய வந்தது. சிவகாசிச் செய்தியைப் படிச்சே வளர்ந்தவன் நான், விருதுநகர் மாவட்டத்துல ஒரு சனிக்கிழமை மத்தியானச் செய்தி எப்படி இருக்கும்னு தெரியும். ரெண்டு இடத்துலயும் செத்தவங்க கூலிக்காரங்க தான். எங்க எதிர் வீட்டுப் பாட்டியோட தங்கச்சிக்கு இடது கைல ரெண்டு விரல் கிடையாது. அவங்க அதைப் பத்திப் பேச மாட்டாங்க, நானும் கேக்கல.

வெடிக்கிற இடத்துலயும் சேதம் உண்டு. 2009 விளக்குத் திருவிழா ராத்திரி பெய்ஜிங்ல டிவி நிலையத்தோட புதுக் கட்டடம் ஒண்ணு, திறக்கவே இல்ல, அவங்களே விட்ட பெரிய வாணத்துல தீப்பிடிச்சு முழுசா எரிஞ்சு தீயணைப்பு வீரர் ஒருத்தர் செத்தார். புகையும் சும்மா இல்ல, வருஷப் பிறப்பு ராத்திரி ஆஸ்துமா இருக்கிறவங்க படுற பாடு ஆஸ்பத்திரில பாத்தாத் தெரியும்.

அதனால தடை போட்டாங்க, எடுத்தாங்க, திரும்பப் போட்டாங்க. ஹாங்காங்ல 1967 கலவரத்துல பட்டாசு மருந்தை எடுத்துக் குண்டு செஞ்சாங்கன்னு தடை வந்தது. சிங்கப்பூர்ல 1972ல முழுத் தடை, அங்க இருக்கிற நம்ம தமிழர்களோட தீபாவளியும் அதோட அமைதியாச்சு, கம்பி மத்தாப்போட சரி. குவாங்ஜோவ் 1992, பெய்ஜிங் 1993. பெய்ஜிங்ல பன்னிரண்டு வருஷம் வச்சுப் பாத்துட்டு, ஜனங்க கேக்கலன்னு 2005ல தளர்த்தினாங்க. அப்புறம் காத்து மாசு பெரிய பேச்சாகி 2018ல அஞ்சாவது ரிங் ரோட்டுக்குள்ள தடை, 2022ல நகரம் முழுக்க. ஷாங்காய்ல 2016ல வெளி ரிங் ரோட்டுக்குள்ள தடை. சின்னச் சின்ன ஊர்களும் பாத்துப் பாத்து முழுத் தடை போட ஆரம்பிச்சு, கிராமத்துல கூட வெடிக்கக் கூடாதுன்னு வந்தது. ஜனங்க பொறுக்கல. கொரோனா மூணு வருஷத்துக்கு அப்புறம் 2023 ஜனவரி 2ம் தேதி ஹெனான் மாகாணம் லூயில, வெடி வெடிச்சவங்களைப் பிடிக்க வந்த போலீஸ் காரையே கூட்டம் சேர்ந்து கவுத்துடுச்சு. அந்த வருஷக் கடைசில, சைனாவோட பாராளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரஸ்ல சட்டங்களைச் சரிபாக்குற குழு, இப்படி ஒரேயடியா முழுத் தடை போடுற உள்ளூர் விதி எல்லாம் மேல் சட்டத்தோட ஒத்துப்போகல, மாத்துங்கன்னு சொல்லிடுச்சு. மேல் சட்டத்துல உள்ளது நேரம், இடம், வகை இதுக்கெல்லாம் கட்டுப்பாடு போடுற அதிகாரம் தான். அதுக்கப்புறம் நிறைய ஊர்ல இத்தனாம் தேதில இருந்து இத்தனாம் தேதி வரைக்கும், இந்தத் தெருவுல இருந்து அந்தத் தெருவரைக்கும்னு ஆச்சு.

தடை இருக்கிற ஊர்ல எலக்ட்ரானிக் சரம் வச்சிருக்காங்க. சிவப்பு பிளாஸ்டிக், உள்ள சின்ன லைட், பிளக்கை மாட்டினா ஸ்பீக்கர்ல படபடன்னு பதிவு பண்ணின சத்தம் வரும், நிறுத்தணும்னா சுவிட்சை அணைக்கலாம். கல்யாணத்துக்கு காஸ்ல வெடிக்கிற பீரங்கி வண்டி வாடகைக்குக் கிடைக்குது. ஹூனான் தலைநகர் சாங்ஷால ஒரு நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன், பிளாஸ்டிக் சரம் தான். குழந்தைங்களுக்கு நல்லது, புகை இல்ல, நான் அதைக் குறையா சொல்லல. ஆனா அடுத்த வீட்டுக்காரர் கதவைத் திறக்கவே இல்ல. மூடின ஜன்னலைத் தாண்டிச் சத்தம் போகல. முப்பத்திரண்டு மாடி, ஒரு மாடிக்கு நாலு வீடு, புதுசா ஒருத்தர் குடி வந்திருக்கார்ங்கிறது லிஃப்ட்ல பாத்தா தான் தெரியும். அந்த பில்டிங்ல ஒருத்தர் ராத்திரி மூணு மணிக்குச் செத்தா வெந்நீர் எடுத்துட்டு யார் இறங்குவாங்கன்னு யோசிச்சேன். வீசாட் குரூப்ல மெசேஜ் வரும், காலைல பாப்பாங்க.

என்னைக் கேட்டா பொறப்பு, சாவு, கல்யாணம், குடி போறது இதுக்கெல்லாம் ஒரு சின்னச் சரத்துக்கு அனுமதி இருக்கணும், பகல்ல, திறந்த இடத்துல, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தள்ளி. சாவுக்கு மட்டும் ராத்திரிலயும். வருஷப் பிறப்பு இரைச்சலை ஒரு மணி நேரமா சுருக்கினா யாரும் செத்துப் போயிட மாட்டாங்க. பெருமைக்காகப் பதினாயிரம் வெடிச் சரம் பத்து வாங்கி அடுக்குறது, பணக்கார வீட்டு துக்கத்துக்கு லாரில வாணம் இறக்குறது, அதைக் கட்டாயம் தடுக்கணும், ஏன்னா அதுல சேதி எதுவும் இல்ல, பணம் மட்டும் தான் இருக்கு, அதுக்காகவா அந்த மலைச்சரிவு ஷெட்டுல ஒருத்தர் உசுரைக் கைல பிடிச்சிட்டு உக்காந்திருக்கணும். எதிர் வீட்டுப் பாட்டியும் கிட்டத்தட்ட இதே தான் சொல்றாங்க. அந்தக் காலத்துல ஒரு சரத்தை வாங்கி ரெண்டா அறுத்து, பாதியை வருஷப் பிறப்புக்கும் பாதியைப் பதினஞ்சாம் நாளுக்கும் வச்சுப்போம், அதுவே எல்லாருக்கும் கேட்டதுன்னாங்க.

ஹூனான் பக்கம் படிக்கவோ வேலைக்கோ வர்ற நம்ம பசங்க சில பேர் மெயில்ல கேட்டிருந்தீங்க, அவங்களுக்காக. வீடு பாக்குறப்ப படுக்கை ரூம் ரோட்டுப் பக்கம் இல்லாம பாருங்க. கைக்குழந்தை இருந்தா மேல பாட்டி சொன்ன முறையை அப்படியே செய்யுங்க, அந்தக் காலத்துல அத்தனை குழந்தையை வளர்த்தவங்க சொன்னது. நாய் பூனை வச்சிருக்கவங்க வருஷப் பிறப்பு ராத்திரியும் நாலாம் நாள் ராத்திரியும் அதுங்களைப் பாத்ரூம்ல விட்டு ஃபேனை ஓட விடுங்க. உங்க ஏரியால எங்க வெடிக்கலாம் எங்க கூடாதுன்னு குடியிருப்புக் கமிட்டில கேட்டா நோட்டீஸ் குடுப்பாங்க, வெளிநாட்டுக்காரங்கன்னு அபராதத்துல சலுகை கிடையாது. லைசென்ஸ் மாட்டியிருக்கிற கடைல மட்டும் வாங்குங்க, வீட்டுல சேத்து வைக்காதீங்க, ட்ரெயின்ல ஒரு பொட்டு வெடி கூட கொண்டு போக முடியாது. புது வருஷத்தோட முதல் நாள் அடுத்த வீட்டு வாசல்ல கிடக்கிற சிவப்புத் தூளை உதவி பண்றதா நினைச்சுப் பெருக்கிடாதீங்க. நடுராத்திரில உங்க பில்டிங்ல ஒத்தைச் சரம் கேட்டா மறுநாள் கட்டாயம் போங்க, வெள்ளைக் கவர்ல ஒத்தைப்படைத் தொகை வைங்க, சிவப்புச் சட்டை வேண்டாம், பாஷை தெரியலன்னு தயங்காதீங்க, தலையைக் குனிஞ்சா போதும், உக்கார நாற்காலி தருவாங்க.